எட்டாம் மேசையில் தீராத கறி

கறித் தொழிற்சாலையின் எட்டாம் மேசையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு வெட்டத் தொடங்கிய மாட்டின் முதுகுக்கறி ஒன்று பதினாறு வருஷமாகத் தீரவில்லை. வெட்டுகிறவள் ஒருத்திதான். அவளை எல்லோரும் எடைக்காரி என்பார்கள். அந்தப் பெயர் இந்தக் கறிக்கு முன்பே வந்தது. தொழிற்சாலையின் வேலை, எலும்பு நீக்கிய முதுகுக்கறியை ஓட்டல்களுக்குப் போகும் ஸ்டீக் துண்டுகளாக அறுத்து, காற்றை உறிஞ்சிய பையில் அடைத்து அனுப்புவது. ஒவ்வொரு துண்டும் இருநூறு கிராம் இருக்க வேண்டும். ஓட்டலில் எதிரெதிரே உட்காரும் இரண்டு பேரில் ஒருவர் தட்டில் பெரிதும் மற்றவர் தட்டில் சிறிதும் விழுந்தால் அப்புறம் அவர்கள் பேசிக்கொள்ள வேறு விஷயமே இருக்காது என்று மேனேஜர் புதிதாகச் சேருகிறவர்களுக்கு விளக்குவார். கேட்பதற்குச் சுலபம். ஆனால் முதுகுக்கறி ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் ஒடுங்கியும் இருக்கும். அகன்ற பக்கம் மெலிதாக ஆரம்பித்து, ஒடுங்க ஒடுங்கத் தடிமனாகப் போக வேண்டும். கறி நெகிழ்ந்திருந்தால் ஒரு கணக்கு, விறைத்திருந்தால் ஒரு கணக்கு. தராசில் பச்சை விளக்கு எரிந்தால் பைக்குப் போகும், சிவப்பு எரிந்தால் கொத்துக்கறிக்குப் போகும். எடைக்காரியின் துண்டுக்குச் சிவப்பு எரிந்ததில்லை. தராசு பழுதானால் அவள் கையை வைத்துத்தான் திருத்துகிறார்கள் என்று கேலி உண்டு.

அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டது நாத்தனார். கணவனின் அக்கா. அவள் ஐந்தாம் மேசையில் கறியின் மேல் படிந்திருக்கும் வெள்ளிச் சவ்வை உரிக்கிறவள். கத்தியைச் சாய்த்து ஒரே இழுப்பில், வெங்காயத் தோல் மாதிரி உரித்துப் போடுவாள். கணவன் வெட்டுக்கூடத்திலிருந்து மாடுகளின் உடல்களைக் கொண்டுவரும் குளிர்லாரி ஓட்டினான். வாய் திறந்து பேசுவது அபூர்வம். அந்தக் குடும்பத்துக்கு வேண்டிய பேச்சை எல்லாம் அவன் அக்காவே பேசி முடித்துவிட்டாள் என்பார்கள். இரண்டு பெண்களும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள், ஒரே பஸ்ஸில் வந்தார்கள், ஒரே நாளில் காய்ச்சலில் படுத்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எடைக்காரி இடது கையில் கத்தி கிழிக்காத சங்கிலி உறையை மாட்டிக்கொண்டு முதல் கறியை எடுத்தாள். ஒரு முதுகுக்கறிக்கு இருபத்திரண்டு துண்டு, அதன் பிறகு கொத்துக்கறிக்குப் போகும் வால்முனை. அன்று இருபத்திரண்டு வெட்டியும் வால்முனை வரவில்லை. நாற்பதிலும் வரவில்லை. அறுபதில் கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தாள். காலையில் கொக்கியிலிருந்து இறக்கியபோது இருந்த நீளமே இருந்தது. மேற்பார்வையாளர், அந்தப் பச்சை விளக்கைத் தவிர வேறெதையும் பார்க்காததால் பச்சைவிளக்கு என்றே பெயர் வாங்கியவர், அவள் கையைத் தூக்கியதைப் பார்த்து வந்தார்.

"சார், இது குறைய மாட்டேங்குது."

"எது?"

"கறிதான்."

"எண்ணிக்கை விட்டிருப்பே. முதல்லேர்ந்து எண்ணு."

அவள் முதலிலிருந்து எண்ணினாள். மூன்று மணிக்கு வேலை முடிந்தபோது ஆயிரத்து நூறு துண்டு ஆகியிருந்தது. கறி அப்படியே இருந்தது. பச்சைவிளக்கு அதன்மேல் ஒரு துணியை மூடிவிட்டு, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று தொழிற்சாலையிலிருந்த எல்லோரிடமும் சொன்னார்.

மறுநாள் வேறு மூன்று வெட்டுக்காரர்களை நிறுத்திப் பார்த்தார்கள். அவர்கள் கத்தி ஈரச் சோப்பின்மேல் போவதுபோல வழுக்கியது. வட்டரம்பத்தில் வைத்தார்கள், ரம்பம் இரண்டு பல்லை இழந்தது. எடைக்காரி கத்தி வைத்ததும் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. கால்நடை மருத்துவர் வந்து துணுக்கு எடுத்துப் போய், நல்ல கறி, நாலு வயதுக் காளை, நோய் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு வியாழக்கிழமை ஏழு மணி நேரம் மின்சாரம் போனது. மற்றதெல்லாம் நாற்றமெடுக்க, இது மட்டும் தன் சில்லிப்பிலேயே கிடந்தது. வெட்டிய துண்டுகள் மற்றக் கறியைப் போலவேதான்: சமைத்தால் வேகும், வைத்திருந்தால் கெடும்.

முதலாளிகள் மகிழ்ந்ததில் தப்பு சொல்ல முடியாது. இரண்டாம் மாதம் மாடு வாங்குவதை நிறுத்தினார்கள். மூன்றாம் மாதம் எலும்பு நீக்குகிறவர்கள் வீட்டுக்குப் போனார்கள். நாலாம் மாதம் குளிர்லாரிகள் நிறுத்தப்பட்டன. கணவன் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்து, அன்றிலிருந்து மனைவியின் கத்திகளைச் சாணை பிடிக்கிற ஒரே வேலையைச் செய்தான். ஐந்தாம் மாதம் சவ்வு உரிக்கிறவர்களின் முறை. எட்டாம் மேசைக் கறியில் சவ்வு ஏற்கெனவே உரித்திருந்தது. உரித்தவளும் நாத்தனார்தான். அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து, ரப்பர் பூட்ஸைக் கழுவி வைத்து, எட்டாம் மேசைக்கு வந்து நின்றாள்.

"உன் கை விளங்கிச்சு. எங்க கையெல்லாம் விளங்காம போச்சு."

"நான் என்ன பண்ணட்டும் அண்ணி?"

"ஒண்ணும் பண்ண வேணாம். நல்லா இரு."

அதற்குப் பிறகு அவள் எடைக்காரியிடம் பேசவில்லை. ஒன்பது வருஷம் பேசவில்லை. வேலை போன பிறகு அவள் குடிவந்த வீடு தொழிற்சாலைக்குப் பின்பக்கத் தெருவில்தான். சந்தையில் எதிரே வந்தால் தக்காளியைப் பொறுக்குவாள். தக்காளி இல்லாத கடையாக இருந்தால் மேலே பார்த்து மழை வருமா என்று யோசிப்பாள். தம்பியிடம் மட்டும் பேசினாள். தம்பி இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

எடைக்காரி தன்னால் ஆனதை எல்லாம் செய்து பார்த்தாள். வேலையை விட்டு அனுப்பட்டும் என்று வேண்டுமென்றே தப்பாக வெட்டினாள். உள்ளங்கை தடிமனுக்கு வெட்டினாள், காகிதம் மாதிரி சீவினாள், கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள், இடது கையால் வெட்டினாள். எல்லாவற்றுக்கும் பச்சை விளக்கே எரிந்தது. காகிதம் மாதிரி சீவியது தராசில் இருநூறு கிராமாக உட்கார்ந்ததைப் பார்த்தபோதுதான் அவளுக்கு முதல்முறையாக அழுகை வந்தது. பிறகு உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வெட்டாமல் விட்டால் கறி ஒரு சாண் நீண்டிருக்கும். திங்கள் மத்தியானத்துக்குள் அதை வெட்டிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம், அதற்குக் கீழேதான் குறையாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு நாள் விட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. மூன்றாம் நாள் காலை பச்சைவிளக்கு தலையில் வலைத்தொப்பியோடு ஓடிவந்தார். கறி எட்டாம் மேசையைத் தாண்டி ஏழாம் மேசையில் தலை வைத்துப் படுத்திருப்பதாகவும், மேசைகள் இருக்கும் குளிரறையின் கதவு பாதிக்குமேல் திறக்கவில்லை என்றும் சொன்னார். அவளுக்கு உண்மையிலேயே காய்ச்சல் அடித்தது. அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு போனாள். புலி வாலைப் பிடித்தவள் புலியிடம் போய் லீவு கேட்க முடியுமா?

இதற்கிடையில் ஸ்டீக் மலிந்துபோனது. ஓட்டல்காரர்கள் முதலில் சந்தோஷமாகவும் பிறகு போதும் என்றும் பிறகு தயவுசெய்து அனுப்பாதீர்கள் என்றும் எழுதினார்கள். ஏழாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளிகள் காரில் ஏறிப் போனார்கள். மேசைமேல் பாதி குடித்த காபி இருந்தது. கேட்பாரற்ற கட்டடத்தில் கறி வளர்ந்தால் யார் பொறுப்பு என்று யோசித்த நகராட்சி, தண்ணீர் விநியோகம், குப்பை, தெருவிளக்கு ஆகியவற்றோடு எடைக்காரியையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு ஒரு துண்டு என்று வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். மக்கள் வறுத்தார்கள், வேகவைத்தார்கள், ஊறுகாய் போட்டார்கள். இரண்டு வருஷத்தில் தெருநாய்கள்கூட பொட்டலத்தைக் கண்டால் வேறு தெருவுக்குப் போயின. மிச்சத்தை வயலுக்கு எருவாகப் புதைத்தார்கள். பச்சைவிளக்கு ஓய்வு பெற்ற பிறகும் காலையில் ஒரு நடை வந்து விளக்கைப் பார்த்துவிட்டுப் போனார்.

எடைக்காரிக்கு ஒரே மகள். படிப்பு முடிந்ததும் பஸ்ஸில் பதினோரு மணி நேரம் போகிற ஒரு நகரத்தில் வேலை தேடிக்கொண்டாள். அங்கே ஒருவனை விரும்பி, அவன் வீட்டார் முன்னிலையில் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டாள். பதிவு செய்தது புதன்கிழமை. அதனால் தாய் போகவில்லை. தகப்பன் போய்ப் படம் எடுத்து வந்தான், பாதிப் படங்களில் அவன் கட்டைவிரல் இருந்தது. மகள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை என்று எடைக்காரி நினைத்ததுண்டு. பத்தாம் வருஷம், கர்ப்பமாயிருந்த மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"டாக்டர் இன்னைக்கே வந்து சேரச் சொல்றாங்கம்மா. ரத்த அழுத்தம் ரொம்ப ஏறிடுச்சாம்."

"எவ்வளவு நாள் இருக்கணும்?"

"தெரியல. நீ வரணும்னு சொல்லலம்மா. வர முடியாதுன்னு தெரியும். சும்மா உன்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

எடைக்காரி போனை வைத்துவிட்டு அடுப்பங்கரையில் நின்றாள். கணவன் சாணைக்கல்லிலிருந்து தலையைத் தூக்கினான். அந்த வருஷத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சை அப்போது பேசினான்.

"நீ கிளம்பு. பெத்தவ நீதானே, அந்தக் கறி இல்லையே. நான் பார்த்துக்கறேன்."

எதைப் பார்த்துக்கொள்வான்? அவன் கத்தியும் அதில் இறங்காது. இரண்டு பேருக்கும் அது தெரியும். அவள் இரண்டு புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தாள். முதல் மூன்று நாள் மகளுக்குக் கண் மங்கி, காலும் முகமும் வீங்கி, யாரைக் கேட்டாலும் பார்க்கலாம், பார்க்கலாம் என்றே சொன்னார்கள். எடைக்காரி நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. வெட்டுவதற்குக்கூட ஒன்றும் இல்லை. நாலாம் நாள் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. நர்ஸ் துணியில் சுற்றி எடைக்காரியின் கையில் கொடுத்தாள். மகள் சோர்ந்த கண்ணைத் திறந்து, "எவ்வளவும்மா இருக்கும்? நீதான் கரெக்டா சொல்லுவியே" என்றாள். எடைக்காரி குழந்தையைக் கையில் வைத்துப் பார்த்தாள். வலக்கைக்கு மாற்றினாள், இடக்கைக்கு மாற்றினாள். இருபது வருஷமாக ஒரு கிராம் தப்பாத கைக்கு ஒன்றும் தெரியவில்லை. "தெரியலடி" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், அப்படிச் சிரித்ததைத் தான் பார்த்ததே இல்லை என்று மகள் பிறகு தன் கணவனிடம் சொன்னாள்.

எட்டாம் நாள் காலை கணவன் கூப்பிட்டான். மகள் உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டாளா என்று முதலில் கேட்டான். குடித்துவிட்டாள் என்றதும்தான் சொன்னான். ஐந்தாம் நாள் கறி குளிரறைச் சுவரைத் தள்ளிவிட்டது. ஏழாம் நாள் பின்பக்கத் தெருவுக்கு வந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை; அது அவ்வளவு மெதுவாக வந்தது, ஜனங்கள் கட்டில், பீரோவெல்லாம் எடுத்துக்கொண்டு வெளியேற நேரம் இருந்தது. ஆனால் இன்று காலை அக்கா வீட்டு வாசலில் வந்து சாய்ந்திருக்கிறது. அக்கா வெளியே வர மாட்டேன் என்கிறாள்.

எடைக்காரி குழந்தையை மகள் பக்கத்தில் படுக்கவைத்தாள். மகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தானே ஒவ்வொரு விரலாக விட்டாள். "போம்மா" என்றாள். "அடுத்த வாரம் வர்றேன்" என்று தாய் சொன்னாள். இரண்டு பேரும் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

மறுநாள் அவள் போய்ச் சேர்ந்தபோது தெருவை அடைத்துக்கொண்டு, ஓட்டு வீடுகளின் உயரத்துக்கு, கறி கிடந்தது. சிவந்து, சுத்தமாக, ஈ மொய்க்காமல். கிட்டப் போனால் குளிர்ந்தது. தபால்காரர் அதன் ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். நாத்தனார் வீட்டுக் கதவு உள்பக்கமாக வளைந்திருந்தது. கணவன் கத்தியை நீட்டினான். எடைக்காரி பயணப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே வெட்ட ஆரம்பித்தாள். இருநூறு கிராம், இருநூறு கிராம். மலையைக் கரண்டியால் அள்ளுகிற கதைதான். ஆனாலும் மத்தியானத்துக்குள் கதவு திறக்கிற அளவுக்கு இடம் வந்தது. கதவு திறந்தது. நாத்தனார் நின்றாள். முடி முழுக்க நரைத்திருந்தது. ஒன்பது வருஷமாகத் தக்காளியைப் பார்த்த கண் இப்போது நேராகப் பார்த்தது.

"ரெண்டு நாளா ஜன்னல் வழியாத்தான் தண்ணி வாங்கினேன்."

எடைக்காரி வெட்டிய துண்டை ஓரமாகத் தள்ளிப் போட்டாள்.

"குழந்தை யார் சாடை?"

"மூக்கு உங்க மூக்கு அண்ணி."

"அய்யோ பாவம்," என்றாள் நாத்தனார்.

அவள் உள்ளே போய், பழைய துணியில் சுற்றிவைத்திருந்த தன் கத்தியை எடுத்து வந்தாள். தெருவில் வளர்ந்த கறிக்குச் சவ்வும் வளர்ந்திருந்தது. அவள் கத்தி கறியில் இறங்கவில்லை, ஆனால் வெட்டி விழுந்த துண்டில் இறங்கியது. ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து, சாய்த்து, ஒரே இழுப்பில் உரித்துப் போட்டாள். எருக்குழிக்குப் போகிற கறிக்குச் சவ்வு எதற்கு உரிக்கிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கறியைத் திரும்பச் சுவருக்குள் கொண்டுபோக ஆறு மாதம் ஆகும் என்று நகராட்சிப் பொறியாளர் கணக்குப் போட்டார். ஆறு மாதத்தில் பாதித் தெரு வந்தது. அதற்குள் எடைக்காரியின் மணிக்கட்டு வீங்கி, விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. ஆயிரத்து நூறு வெட்டிய கை எழுநூறுக்கு வந்தது, பிறகு ஐந்நூறுக்கு வந்தது. ஐந்நூறு வெட்டினால் கறி குறையாது, கூடவும் செய்யாது. ஆகவே அது இருந்த இடத்திலேயே நின்றது. சுவரைத் திரும்பக் கட்டுவதில் அர்த்தமில்லை என்று தெருவுக்கு மேலே தகரக் கூரை போட்டார்கள். பஸ்ஸை அடுத்த தெரு வழியாகத் திருப்பிவிட்டார்கள். மகள் வருஷத்துக்கு ஒருமுறை குழந்தையோடு வந்தாள். மூன்று மணிக்குப் பிறகு எல்லோருமாகச் சாப்பிட்டார்கள். நாலாம் நாள் கிளம்பிப் போனார்கள். பஸ் திரும்புகிறவரை எடைக்காரி கையை ஆட்டுவாள். பிறகு கையை வெந்நீரில் வைப்பாள், காலையில் விரல் மடங்க வேண்டுமே.

பதினைந்தாம் வருஷம் நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வந்தார். சங்கடமான கேள்வி கேட்க வந்தவர்களுக்கே உரிய மரியாதையோடு கொஞ்ச நேரம் நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு அப்புறம்?"

எடைக்காரி யோசித்தாள். இந்தக் கேள்வியை அவள் கணவன் கேட்டதில்லை, மகள் கேட்டதில்லை, அவளே கேட்டுக்கொண்டதில்லை.

"தெரியல சார்."

"யாருக்குமேவா?"

"அதுக்கே தெரியாது போல," என்றாள் நாத்தனார், வாயில் சோற்றோடு. "தெரிஞ்சா சொல்லியிருக்கும். தினம் மூஞ்சிக்கு நேரதானே உட்கார்ந்திருக்கோம்."

அதிகாரி குறித்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் நில அளவையாளர்கள் சங்கிலியும் கம்பங்களுமாக வந்தார்கள். கறி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று பழைய சாட்சிகளை விசாரித்து, மேற்கே என்று தீர்மானித்து, அந்தப் பக்கம் அறுபது ஏக்கரை அளந்து கம்பிவேலி போட்டார்கள். வேலிக்குள் அகப்பட்ட ஏழு வீட்டுக்காரர்களுக்கு மாற்று இடம் தரப்பட்டது. முதல் வீடு நாத்தனாருடையது. அவள் சாமான்களைத் தம்பி வீட்டுப் பின்னறைக்கு மாற்றிக்கொண்டாள். இப்போது மறுபடியும் இருவரும் சேர்ந்தே வேலைக்கு வருகிறார்கள், பஸ் இல்லாததால் நடந்து. நகராட்சி வரைபடத்தில் அந்த அறுபது ஏக்கர் இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கிறது. யாரும் அங்கே வீடு கட்ட மனு கொடுப்பதில்லை. கறி வந்து சேருகிறவரை நிலம் சும்மாதானே கிடக்கிறது என்று பக்கத்து விவசாயிகள் கேட்டதன்பேரில், மேய்ச்சலுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். வாங்குவார் இல்லாததால் கிழடு தட்டிப்போன மாடுகள் காலையில் வேலிக்குள் போய், சாயங்காலம் வயிறு நிறைந்து திரும்புகின்றன. இந்த வருஷம் புல் நன்றாக வந்திருக்கிறது.